காரைக்குடியில் ஓர் அரசமைப்புச் சட்ட அறிமுக வகுப்பு: மதிப்புரை

காரைக்குடி செக்காலைப் பகுதியில், ஒரு பழைய நகரத்தார் வீட்டின் முகப்பில் ஞாயிறுதோறும் காலையில் நடைபெற்றுவரும் அரசமைப்புச் சட்ட அறிமுக வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் வழக்காடிவரும் வழக்கறிஞர் ஒருவரும், அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை ஒருவரும் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். தங்கள் பெயரை எங்கும் குறிப்பிட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டிருப்பதால் இங்கும் அதைத் தவிர்க்கிறேன். இரண்டு மாதத் தொடருக்குக் கட்டணம் 1,500 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. சட்டப் பட்டமோ முன்பயிற்சியோ தேவையில்லை. தமிழைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதே சேர்வதற்கான தகுதி. மேல்நிலைப் பள்ளியில் இந்தப் பாடத்தின் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறவன் என்ற முறையில், தொடர் முழுவதையும் கேட்டு முடித்த பிறகு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்ற தரப்பின் வாதத்தை மதித்துப் படிக்கக் கற்றுத்தருகிற ஓர் அரசமைப்பு வகுப்பை எங்கள் பகுதியில் இதற்கு முன் நான் கண்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் இந்தத் தொடரில் திருத்திக்கொள்ள வேண்டிய பெரிய இடைவெளி ஒன்றும் இருக்கிறது. அதையும் விரிவாகவே சொல்ல வேண்டும்.

செட்டிநாட்டுப் பகுதியில் அரசமைப்புச் சட்டம் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்கான பாடமாகவே அறிமுகமாகிறது. எந்தப் பிரிவு எதைக் கூறுகிறது, எந்தத் திருத்தம் எந்த ஆண்டு வந்தது, எந்த அட்டவணையில் எத்தனை மொழிகள் என்ற வகையில் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டபோது 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் இருந்தன என்று பிழையின்றிச் சொல்லும் மாணவரிடம், நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு நிறைவேற்றிய ஒரு சட்டத்தை மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் செல்லாது என்று சொல்ல எங்கிருந்து அதிகாரம் வந்தது என்று கேட்டால், அவர் 13-ஆவது பிரிவின் எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற நியாயத்தைத் தேடுவதுதான் அரசமைப்புக் கோட்பாடு. இந்த வகுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் நாளில் வரையறை எதுவும் தரப்படவில்லை. நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்தவர். 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் அவருக்குப் புதிய காவல் ஆணை வழங்கப்பட்டது. விசாரணை இல்லை, தண்டனை இல்லை, ஆனால் சிறை உண்டு. அவர் 32-ஆவது பிரிவின்கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தாளில் தீர்ப்பு இல்லை. உண்மைகளும் 19, 21, 22 ஆகிய பிரிவுகளின் வாசகமும் மட்டுமே இருந்தன. வகுப்பில் இருந்தவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினர் கோபாலனுக்காகவும் மறுபகுதியினர் சென்னை மாநில அரசுக்காகவும் வாதாட வேண்டும் என்றார் வழக்கறிஞர். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும், பல்லத்தூரிலிருந்து வந்த முதுகலை மாணவியும், முன்னாள் ஊராட்சித் தலைவி ஒருவரும் எதிரெதிரே அமர்ந்து வாதாடிய அந்த ஒரு மணி நேரத்தில், 21-ஆவது பிரிவு சொல்லும் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்பது நாடாளுமன்றம் எழுதித்தரும் எந்த நடைமுறையையும் குறிக்குமா, அல்லது அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருந்தாக வேண்டுமா என்ற கேள்விக்கு அவர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் தீர்ப்பு விளக்கப்பட்டது. 1950 மே 19 அன்று ஆறு நீதிபதிகள் அமர்வு கோபாலனின் மனுவைத் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றம் முறையாக இயற்றிய சட்டம் இருக்கிறது, அது சொல்லும் நடைமுறை பின்பற்றப்பட்டிருக்கிறது, அதற்குமேல் அது நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்க இயலாது என்பது பெரும்பான்மையின் நிலை. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்குக்கூட வெளிப்படுத்தக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு மட்டும் நீக்கப்பட்டது. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் முன் அவருக்கு அறிவிப்பு தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், நடுநிலையான மன்றம் ஒன்று முடிவெடுக்க வேண்டும், அதற்கு ஒழுங்கான நடைமுறை இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். உரிமைகள் ஒவ்வொன்றும் தனித்தனி அறைகளில் அடைபட்டவை என்ற கோபாலன் தீர்ப்பின் பார்வையை 1970-இல் வங்கிகள் நாட்டுடைமை வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், நடைமுறை நேர்மையாகவும் நியாயமாகவும் அறிவுக்குப் பொருந்தியதாகவும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 28 ஆண்டுகளுக்கு முன் தனித்து நின்ற கருத்தின் உயிர் நாட்டின் சட்டமாயிற்று.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்திருந்தால் நான் இவ்வளவு பாராட்டியிருக்க மாட்டேன். கோபாலன் வழக்கில் பெரும்பான்மை ஏன் அப்படித் தீர்ப்பளித்தது என்பதைப் பேராசிரியை அதே கவனத்தோடு எடுத்து விளக்கினார். அரசமைப்பு நிர்ணய சபை 'முறையான சட்ட நடைமுறை' என்ற அமெரிக்க வாசகத்தைத் தெரிந்தே கைவிட்டது, நில உடைமைச் சீர்திருத்தங்கள் நீதிமன்றங்களில் சிக்கிக்கொள்ளும் என்ற அச்சம் அப்போது உண்மையானதாக இருந்தது, புதிதாகப் பிறந்த நீதிமன்றம் மக்கள் பிரதிநிதிகளின் முடிவுக்கு இடம் கொடுக்க நினைத்ததில் நியாயம் உண்டு என்று அவர் சொன்னபோது, கோபாலனுக்காக உரத்து வாதாடியவர்களும் அமைதியாகக் குறிப்பெடுத்தார்கள். அந்தப் பெரும்பான்மையில் இடம்பெற்ற பதஞ்சலி சாஸ்திரிதான், அடுத்த வாரமே, மே 26 அன்று, ஒரு வார இதழைச் சென்னை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுத்த ஆணையைச் செல்லாது என்று அறிவித்த ரொமேஷ் தாப்பர் தீர்ப்பை எழுதினார். ஒரே நீதிபதி, ஒரே மாதத்தில், இரு வழக்குகளிலும் தன்னளவில் முரணின்றியே நடந்துகொண்டார் என்பதை விளங்கவைப்பது எளிதன்று. இவர்கள் அதைச் செய்தார்கள்.

இரண்டாம் பகுதி சமத்துவம் பற்றியது. இங்கும் தொடக்கம் தமிழ் மண்ணிலிருந்தே. சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணையின்படி கல்லூரி இடங்கள் 14 கொண்ட தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய செண்பகம் துரைராஜன், தாம் விண்ணப்பித்ததாகக்கூடச் சொல்லாமல், இந்த ஆணை இருக்கும்வரை இடம் கிடைக்காது என்ற அடிப்படையில் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஆணையைச் செல்லாது என்றன. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியும் முதல் திருத்தமும், பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடமளிக்கும் 15(4) பிரிவும் நம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. வகுப்பு கவனம் செலுத்தியது வேறோர் இடத்தில்: பின்தங்கியோரின் கல்வி நலனைக் காக்கச் சொல்லும் 46-ஆவது பிரிவு வழிகாட்டும் நெறியாக இருக்கும்போது, அடிப்படை உரிமைக்கு முன் அது பணிந்துதான் போக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது சரியா? சமத்துவம் என்பது எல்லோரையும் ஒன்றுபோல் நடத்துவதா, சமமாக நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவதா? பங்கேற்றவர்களில் பலருக்கு இது சொந்த வாழ்க்கையைத் தொடும் கேள்வி, குரல்கள் உயர்ந்தன. ஆசிரியர்கள் யாரையும் அடக்கவில்லை, ஆனால் ஒவ்வொருவரையும் தீர்ப்பின் பத்தியைக் காட்டிப் பேசச் செய்தார்கள். 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் மூலம், சட்டங்களை நீதிமன்ற ஆய்விலிருந்து காக்க ஏற்பட்ட ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது வரை வந்து அந்த அமர்வு முடிந்தது.

ஒன்பதாம் அட்டவணையிலிருந்து அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டுக்கு நகர்ந்தது இயல்பாக இருந்தது. காசர்கோட்டுப் பக்கத்து எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, 13 நீதிபதிகள் முன் 68 நாள் வாதிடப்பட்டு, 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்ற அளவில் தீர்ந்தது. 368-ஆவது பிரிவின்கீழ் நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்பது முடிவு. மாணவர்கள் இதை ஒரு வரியில் எழுதி முழு மதிப்பெண் பெறுகிறார்கள். இங்கோ, தோற்ற ஆறு பேரின் வாதத்துக்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அடிப்படை எது என்று அரசமைப்பில் எங்கும் பட்டியல் இல்லை. அதைத் தீர்மானிப்பவர் நீதிபதிகளே என்றால், திருத்தும் அதிகாரம் இறுதியில் யாரிடம் இருக்கிறது? ஒரு தலைமுறை தனக்கு வகுத்துக்கொண்ட விதி வருங்காலத் தலைமுறைகளை எந்த உரிமையில் கட்டுப்படுத்துகிறது? இந்தக் கேள்விகளுக்கு எதிர்வாதமாக, திருத்தும் அதிகாரம் அரசமைப்பால் அளிக்கப்பட்டது, அளித்ததையே அழிக்க அதற்கு உரிமை இல்லை என்ற நிலை விளக்கப்பட்டது. 1949-இன் ஜெர்மானிய அரசமைப்பு சில கோட்பாடுகளைத் திருத்தத்துக்கு அப்பாற்பட்டவை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருப்பதும், பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்படிப்பட்ட எழுத்து வரம்பு எதுவும் இல்லாததும் ஒப்பிடப்பட்டன. கூடலூரின் ஜன்மம் எனப்படும் பரம்பரை உடைமை நிலங்கள் தொடர்பாகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஐ.ஆர். கோயலோ வழக்கில், 1973 ஏப்ரல் 24-க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் நீதிமன்றம் சோதிக்கலாம் என்று 2007-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறியது வரை தொடர் விடாமல் பின்தொடர்ந்தது.

நெருக்கடி நிலைக் காலத்தில் காவலில் வைக்கப்பட்டவர் விடுதலை கேட்டு நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற ஜபல்பூர் ஆட்கொணர்வு வழக்கையும் இதே முறையில் நடத்தினார்கள். 1976-இல் நான்கு நீதிபதிகள் முடியாது என்று சொல்ல, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதியதையும், அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை 2017-இல் தனியுரிமை வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வெளிப்படையாகத் தள்ளியதையும் சேர்த்துப் படித்தோம். அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நன்றாக இருந்தது.

கோட்பாட்டுக்கென்று தனியாக வைத்த ஓர் அமர்வுதான் எனக்கு மனநிறைவு தரவில்லை. வழக்குகளோடு சேர்ந்து வந்தபோது தெளிவாக இருந்த அதே கருத்துகள், கெல்சன், ஹார்ட், டைசி என்று சட்ட அறிஞர்களின் பெயர்களாக அடுத்தடுத்து வந்தபோது கேட்டவர்களின் பிடியிலிருந்து நழுவின. ஒரு சட்டத்தைச் செல்லச் செய்வது அதற்கு மேலுள்ள சட்டம் என்றால், எல்லாவற்றுக்கும் மேலுள்ளதைச் செல்லச் செய்வது எது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசியிருந்தால் போதும். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று நிர்ணய சபையில் பேசும்போது, அரசமைப்பு ஒழுக்கம் மக்களிடம் தானாக அமைந்துவிடுவதில்லை, அதைப் பயின்று வளர்க்க வேண்டும் என்று சொன்னதும், 1949 நவம்பர் 25 அன்று, அரசியலில் சமத்துவமும் சமூகப் பொருளாதார வாழ்வில் சமமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நாம் நுழையப்போகிறோம் என்று எச்சரித்ததும் அந்த அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் வந்து போயின. அவற்றுக்குத் தனி அமர்வே தகும்.

தொடரின் உச்சம் என்று நான் கருதுவது சமய சுதந்திரம் பற்றிய அமர்வு. அதற்கு ஒரு காரணம் பாடம். மற்றொரு காரணம் இந்த ஊர். இளையாத்தங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது நகரக் கோயில்களோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்ட சமூகம் இது. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஊர்க் கோயில்கள், அவற்றில் யாருக்கு எந்த மரியாதை என்ற பழைய கணக்குகள். வகுப்பின் தொடக்கத்திலேயே முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர், "தம்பி, எங்க கோயில எங்க பங்காளிக தலைமுறை தலைமுறையாப் பாத்துக்கிட்டு வாறோம். அதுல அரசாங்கம் எம்புட்டுத் தூரம் கை வைக்கலாம்?" என்று கேட்டார். வழக்கறிஞர், "ஆச்சி, அதுக்கு ஒரே பதில் கிடையாது. இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போறோம்" என்று சொல்லி 26-ஆவது பிரிவைக் கரும்பலகையில் எழுதினார்.

சமயப் பிரிவினர் தங்கள் சமயக் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமை அந்தப் பிரிவின் ஓர் உட்கூறு. சொத்துகளைச் சட்டத்துக்கு இணங்க நிருவகிக்கும் உரிமை மற்றோர் உட்கூறு. முதலாவதில் அரசு தலையிட இடம் மிகக் குறைவு, இரண்டாவதில் சட்டம் ஒழுங்குபடுத்தலாம். 1951-இன் சென்னை அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பியின் சிரூர் மடம் தொடுத்த வழக்கில், 1954-இல் இந்தக் கோட்டை உச்ச நீதிமன்றம் வரைந்தது. எது சமயத்தின் இன்றியமையாத பகுதி என்பதை அந்தச் சமயத்தின் கொள்கைகளை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்றது. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் பற்றிய 1972-இன் சேஷம்மாள் வழக்கில், அர்ச்சகரை நியமிப்பது உலகியல் சார்ந்த செயல், ஆனால் ஆகம விதிகள் காக்கப்பட வேண்டும் என்ற முடிவு வந்தது. ஆச்சி கேட்ட கேள்வியின் இரு பக்கமும் இந்த இரு தீர்ப்புகளில் இருக்கின்றன. தம் கோயில் குறித்து இறுதி விடை கிடைக்காவிட்டாலும், எந்தக் கேள்விகளுக்கு விடை தேட வேண்டும் என்பது தெளிவானதாக அவர் பிறகு சொன்னார்.

அமர்வு அங்கே நின்றிருந்தால் அது உரிமை கொண்டாடுபவர்களின் பக்கத்தை மட்டும் பேசியதாக இருந்திருக்கும். பேராசிரியை உடனே 25-ஆவது பிரிவின் 2(பி) உட்கூற்றுக்கு வந்தார். பொதுத்தன்மை கொண்ட இந்து சமய நிறுவனங்களை இந்துக்களின் எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடும் சட்டத்தை அரசு இயற்றலாம் என்கிறது அது. தென் கன்னட மாவட்டம் சென்னையோடு இருந்த காலத்தில், மூல்கி வெங்கடரமணர் கோயிலைத் தம் வகுப்பாருக்கே உரியது என்று கௌட சாரஸ்வத பிராமணர்கள் வழக்காடினார்கள். அது அவர்களுடைய சமயப் பிரிவுக் கோயில்தான் என்று ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், ஆயினும் 26-இன் உரிமை 25(2)(பி)-க்கு உட்பட்டதே, 1947-இன் சென்னைக் கோயில் நுழைவுச் சட்டம் செல்லும் என்று 1957 நவம்பரில் தீர்ப்பளித்தது. இதைச் சொல்லி முடித்த கையோடு அவர் தேவகோட்டைக்கு அருகிலுள்ள கண்டதேவியின் பெயரைச் சொன்னார். தேர் வடம் பிடிப்பதில் பட்டியல் சாதியினருக்கும் உரிமை உண்டா என்பது பல ஆண்டுகள் நீதிமன்ற உத்தரவுகளுக்கும் காவல் பாதுகாப்புக்கும் உரிய பிரச்சினையாக இருந்த ஊர் அது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவு அரசை மட்டுமன்றித் தனி மனிதர்களையும் கட்டுப்படுத்தும் வெகுசில அடிப்படை உரிமைப் பிரிவுகளுள் ஒன்று என்பதை அவர் விளக்கியபோது வகுப்பில் எவரும் பேசவில்லை. எங்கள் பகுதியில் இதைப் பொது இடத்தில், பெயர் சொல்லி, பகையின்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தத் துணிவுக்காக இருவருக்கும் நன்றி சொல்கிறேன்.

குடியுரிமை பற்றிய சிறிய பகுதியையும் குறிப்பிட வேண்டும். 5 முதல் 11 வரையுள்ள பிரிவுகளைத் தேர்வு நூல்கள் அரைப் பக்கத்தில் கடந்துவிடும். இங்கே 8-ஆவது பிரிவை எடுத்து, வெளிநாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் இந்தியத் தூதரக அலுவலரிடம் பதிவுசெய்து குடியுரிமை பெற வழி செய்த வாசகத்தைப் படித்தபோது, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன பாட்டனார்களின் பேரப்பிள்ளைகள் நிரம்பிய வகுப்பில் அதன் பொருள் தானே விளங்கியது. பர்மா 1937-இல் இந்தியாவிலிருந்து நிருவாக அளவில் பிரிந்திராவிட்டால் அந்த மனிதர்களின் சட்ட நிலை என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு மாணவர் கேட்ட கேள்வி, அன்றைய நாளின் மிகச் சிறந்த கேள்வி. சொத்துரிமை 1978-இன் 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கி 300-ஏ பிரிவாக மாறியதையும் இதனோடு இணைத்திருக்கலாம், ஏனோ விட்டுவிட்டார்கள்.

கூட்டாட்சிக்கு ஒரே அமர்வு கொடுத்தது போதாது. 1969-இல் மத்திய மாநில உறவுகளை ஆராய இராஜமன்னார் குழுவை அமைத்த மாநிலத்தில் இருந்துகொண்டு, அந்தக் குழுவைப் பெயரளவில் மட்டும் குறிப்பிட்டுக் கடந்தது எனக்கு வருத்தம் தந்தது. 1976 ஜனவரி 31, 1991 ஜனவரி 30 ஆகிய நாட்களில் 356-ஆவது பிரிவின்கீழ் தமிழக அரசு கலைக்கப்பட்டதையும், இரண்டாம் முறை ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே அது நடந்ததையும், 1994-இன் எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பு அந்த அதிகாரத்துக்கு நீதிமன்ற ஆய்வு என்ற வரம்பை வைத்ததையும் வழக்கறிஞர் திறம்படச் சொன்னார். ஆனால் ஆளுநரும் மசோதாக்களும் பற்றிய அண்மைய வழக்குக்கு நேரம் போதவில்லை. 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, கிடப்பில் இருந்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று கூறி ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலவரம்பு வகுத்தது. அதன்பின் குடியரசுத் தலைவர் 143-ஆவது பிரிவின்கீழ் கருத்துக் கேட்க, நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலவரம்பு வகுக்க இயலாது, கருதப்படும் ஒப்புதல் என்பதற்கும் இடமில்லை, எனினும் விளக்கமற்ற நீண்ட செயலின்மையை நீதிமன்றம் ஓரளவு ஆராயலாம் என்று கருத்துரைத்தது. எழுத்தில் இல்லாத ஒன்றை நீதிமன்றம் எந்த அளவுக்கு அரசமைப்பிலிருந்து வருவித்துக்கொள்ளலாம் என்ற கோட்பாட்டுக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் தமிழ் மாணவருக்கு வேறு கிடைக்காது. இந்த இரண்டையும் கோபாலன் வழக்கைப் போல இரு தரப்பாகப் பிரித்து வாதாட வைத்திருக்க வேண்டும்.

நான் முதலில் சொன்ன பெரிய இடைவெளி உள்ளாட்சி. உள்ளாட்சிக்கு அரசமைப்பில் இடம் தந்த 73, 74-ஆவது திருத்தங்கள் இந்தத் தொடரில் இல்லவே இல்லை. ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும் நகராட்சி அமைப்புகளுக்கு 18 பொருள்களையும் குறிப்பிடும் பதினொன்றாம், பன்னிரண்டாம் அட்டவணைகள் பாடத்திட்டத் தாளில்கூட இடம்பெறவில்லை. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகி, சுற்றுப்பகுதிகள் அதனோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன; சிவகங்கை மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்துக்குத் தனி அலுவலர்கள் வந்தார்கள். உள்ளாட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று 243-இ பிரிவு சொல்கிறது. நகராட்சிகளுக்கான இதே விதியைப் பற்றி 2006-இன் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது கட்டாயமானது என்றே கூறியிருக்கிறது. அப்படியானால் தனி அலுவலர் ஆட்சி எந்த வாசகத்தில் நிற்கிறது? வகுப்பிலிருந்த முன்னாள் ஊராட்சித் தலைவி இந்தக் கேள்வியைத் தேநீர் இடைவேளையில் என்னிடம் கேட்டார்; வகுப்பில் கேட்க அவருக்கு இடம் அமையவில்லை. அரசமைப்பைத் தினமும் கையாண்ட ஒருவர் அங்கே இருந்தும் அவருடைய அனுபவம் பாடமாகவில்லை என்பதே இந்தத் தொடர்மீது எனக்குள்ள முதன்மையான குறை. இதை ஆசிரியர்களிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பாடத்தாள்கள் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். தீர்ப்புப் பகுதிகளின் தமிழ்ச் சுருக்கத்தைப் பேராசிரியையே எழுதியிருக்கிறார். நடை தெளிவானது, நீளம் அளவானது. ஆனால் மாறுபட்ட தீர்ப்புகளின் பகுதிகள் பல ஆங்கிலத்திலேயே விடப்பட்டிருந்தன. உச்ச, உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்று 348-ஆவது பிரிவு வைத்திருப்பதால் மூலம் அப்படித்தான் இருக்கும். ஆயினும் உச்ச நீதிமன்றமே சில தீர்ப்புகளைத் தமிழாக்கி இணையத்தில் தருகிறது, அவற்றைப் பயன்படுத்தியிருக்கலாம். தோற்ற தரப்பைக் கேட்பதே இந்த வகுப்பின் சிறப்பு என்பதால், அந்தத் தரப்பின் சொற்கள்தான் முதலில் தமிழில் கிடைக்க வேண்டும். இடவசதி பரவாயில்லை. முகப்பின் ஆத்தங்குடித் தளத்தில் பாய் விரித்தும், முதியவர்களுக்கு நாற்காலி போட்டும் அமரச் செய்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாததால் பின்வரிசையில் கேள்விகள் சரியாகக் கேட்பதில்லை.

போட்டித் தேர்வுக்கு மட்டும் தயாராகிறவர்கள் இதை அவர்களுடைய பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். பிரிவு எண்களைத் தனியே படித்துக்கொண்டு, அவற்றின் காரணங்களுக்காக இங்கே வரலாம். சட்டக் கல்லூரியில் சேரவிருக்கும் மாணவர்கள், என்னைப் போன்ற ஆசிரியர்கள், உள்ளாட்சியில் பணியாற்றியவர்கள், கோயில் நிருவாகத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இது நேரடியாகப் பயன்படும். அடுத்த தொடர் தைப்பொங்கலுக்குப் பின் தொடங்குகிறது. பதிவு முந்திய ஞாயிறு காலை, நேரில் மட்டும். அரசமைப்புச் சட்டத்தின் தமிழ் வடிவத்தை ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே இருக்கும் பொதுப் படிகள் மூன்று பேருக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும் என்பதால், சொந்தப் படியோடு செல்வது நல்லது. உள்ளாட்சி அமர்வு ஒன்றைச் சேர்ப்பது பற்றி யோசிப்பதாகப் பேராசிரியை கூறினார். அது சேர்க்கப்பட்டால் அந்த ஒரு நாளுக்காகவாவது நான் மீண்டும் பணம் கட்டிச் சேர்வேன். முன்னாள் தலைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.